மேல்வீட்டு அக்காவின் பூச்சியம்

வீட்டில் ஏதாவது குறை இருக்கிறதா என்று நான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற எல்லோரும் கேட்கிற கேள்வி அது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிடுவார்கள். இந்த வீட்டுக்கார அம்மா மட்டும் நேரே போய் அறையின் மூலையில் நின்றுகொண்டார்.

"மார்ச் மாசம் பனி கரையேக்கை இதாலை தண்ணி வரும். எல்லா வருசமும் இல்லை. ஆனா வரும். இஞ்சை கட்டில் போடாதேங்கோ."

என் கணவர் சிரித்துவிட்டார். "அக்கா, வீடு வாடகைக்கு விடுற ஆக்கள் இப்பிடிக் கதைக்கிறேல்லை."

"கேட்டவதானே," என்று என்னைக் காட்டினார் அவர்.

மொன்றியலின் ஓரம், பியர்பொன்ட்ஸில் அவருடைய சிறிய பங்களா வீட்டின் பேஸ்மென்ட்டுக்கு நாங்கள் குடிவந்தது அப்படித்தான். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். தடித்த கண்ணாடி. வீட்டுக்குள் எந்நேரமும் ஆண்கள் போடுகிற சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. திருமணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "கேட்டு வந்தவையை எனக்குப் பிடிக்கேல்லை, எனக்குப் பிடிச்சவைக்கு என்னைப் பிடிக்கேல்லை" என்று பதில் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்களுக்கு மேல்வீட்டு அக்கா. மகளுக்குப் பெரியம்மா. மார்ச்சில் தண்ணீர் வந்தது. அவர் காட்டிய அதே மூலையால் வந்தது.

அவருக்கு அரசாங்க உத்தியோகம். "அக்கா கடலிலை மீன் எண்ணுறவ" என்று என் கணவர் மற்றவர்களிடம் சொல்வார். அவர் உடனே திருத்துவார். "மீனை ஆர் எண்ணுறது? முட்டையைத்தான் எண்ணுறம்." ஜூன் மாதம் கும்பளா மீன் கிழக்குக் கரை வளைகுடாவுக்குள் வந்து முட்டையிடும். இங்குள்ள பிரெஞ்சுக்காரர் அதை மக்றோ என்பார்கள். அந்த மாதம் அவர் ஆய்வுக் கப்பலில் ஏறிவிடுவார். மெல்லிய வலையால் கடல்நீரை அள்ளி, அதிலுள்ள முட்டைகளை எண்ணி, இத்தனை முட்டையிட எத்தனை தாய்மீன் இருந்திருக்கவேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். மற்ற மாதங்களில் பாதிநாள் கடற்கரை அலுவலகம், பாதிநாள் மொன்றியலில் எங்கள் தலைக்குமேல். அவர்களுடைய கணக்கைப் பார்த்துத்தான் அந்த வருடம் எத்தனை தொன் பிடிக்கலாம், எப்போது வலை இறக்கலாம், எப்போது ஏற்றவேண்டும் என்று மேலிடம் தீர்மானிக்கும்.

சனிக்கிழமைகளில் என்னையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போவார். மீன்கடையில் கும்பளா கிடந்தால் முழுமீனாக வாங்குவார். வீட்டுக்கு வந்து தலையைப் பிளந்து, மயிர் பிடுங்குகிற இடுக்கியால் உள்ளேயிருந்து எதையோ எடுத்துக் கழுவி, சமையலறை மேசையில் இருந்த நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பார். அரிசிக் குருணையிலும் சின்னக் கல். மீனின் காதுக்குள் இருக்கும் கல்.

"மரத்துக்கு மாதிரித்தான், செல்லம். வருசத்துக்கு ஒரு வளையம். எண்ணு பாப்பம்."

மகள் பிரெஞ்சில் எண்ணுவாள். "நாலு. இவர் கிழவரா பெரியம்மா?"

"இல்லை, பொடியன். முந்தி இந்தக் கடலிலை பத்து, பன்ரண்டு வயசுக் கிழவர்மாரெல்லாம் திரிஞ்சவை. இப்ப காணேல்லை."

"எங்கை போட்டினம்?"

"நாங்கள் சாப்பிட்டிட்டம்."

சொல்லிவிட்டு அதே மீனுக்கு மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டிப் பொரித்து, முள்ளைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். மகள் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். அதை அவர் கவனிக்கவேயில்லை.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் அவருக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். ஒருமுறை பங்கில் ஒரு முதியவர் புற்றுநோயால் இறந்துபோனார். கடைசி நாள் ஆஸ்பத்திரியில் மனைவியைச் சற்றுநேரம் தூங்கச் சொல்லிவிட்டு மேல்வீட்டு அக்காதான் பக்கத்தில் இருந்தார். செத்தவீட்டில் எல்லோரும் அந்த அம்மாவிடம் "நோகாமல் போய்ச் சேர்ந்திட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பி, "நீங்கள்தானே நிண்டனீங்கள். நிம்மதியாப் போனவரோ?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா. சரியாக் கஷ்டப்பட்டவர். கடைசியிலைதான் கொஞ்சம் அமைதி."

யாரோ ஒரு பெண் "இப்பிடியும் ஒரு மனுசியோ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். திரும்பி வரும்போது எனக்கும் கோபம்தான். "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"கேக்காதவைக்கு நான் ஒண்டும் சொல்லுறேல்லை, பிள்ளை. கேட்டா என்னத்தைச் சொல்லுறது?"

அவரும் என் கணவரும் மன்னார்ப் பக்கத்துக் கரையூர்களில் பிறந்தவர்கள். அவர் படித்து வெளியேறியவர். என் கணவர் வலையை விட்டு அகதியாக வெளியேறியவர். மொன்றியலில் பல வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு யாரோ சொல்லி, கிழக்கே கடலோரத்துக் காஸ்பே கரையில் ஒரு கப்பித்தானின் படகில் கும்பளா பிடிக்கப் போனார். அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. இவருக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. வலை இழுக்கிற விதத்தைப் பார்த்த மாத்திரத்தில் கப்பித்தான் இவரை வைத்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு கோடையும் அங்கேதான். இலையுதிர் காலம் பிறக்கும்போது கைகள் வீங்கி, உதடு வெடித்து, நல்ல மனநிலையோடு திரும்புவார். கோப்பை கழுவிய காலத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டு பேருக்கும் மேல்வீட்டுச் சமையலறையில் வாக்குவாதம் வரும்.

"மீன் இல்லை, இல்லை எண்டுறியள். நான் கண்ணாலை கண்டனான் அக்கா. கடல் கறுத்துப்போய்க் கிடந்தது."

"நீங்கள் கண்டது கூட்டம், தம்பி. கும்பளா கடைசிவரைக்கும் கூட்டமாத்தான் நிக்கும். பத்துக் கூட்டம் இருந்த இடத்திலை ஒண்டு இருந்தாலும், அதுக்கு மேலை நிக்கிற படகுக்குக் கடல் நிறைஞ்சமாதிரித்தான் தெரியும்."

"அப்ப என்ர கண் பொய்யோ?"

"கண் பொய்யில்லை. படகு நிக்கிற இடம்தான் பிழை."

என் கணவர் எழுந்து கீழே வந்துவிடுவார். அடுத்த நாள் அக்கா வாசலில் பனி வழித்துக்கொண்டிருக்கும்போது இவரும் சவளை எடுத்துக்கொண்டு போவார்.

பிடிக்க விடுகிற அளவு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு குளிர்காலத்தில் அதைப் பற்றிப் பேசுவதற்காக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். மீனவர்கள், பதனிடும் ஆலைக்காரர்கள், அதிகாரிகள் எல்லோரும் வருகிற கூட்டம். மொன்றியலில் நடப்பதால் குடும்பத்தோடு வரச்சொல்லி கப்பித்தான் என் கணவரைக் கேட்டிருந்தார். ஆட்களின் முகத்தைப் பார்த்தாலாவது அதிகாரிகள் மனமிரங்குவார்கள் என்பது அவர் எண்ணம். மீன் கணக்கைச் சொல்லப்போவது அக்கா. முதல்நாள் மாலை என் கணவர் மேலே போனார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, நாளைக்குக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "பாத்ததைத்தான் தம்பி சொல்லுவன்."

கூட்டத்தில் எல்லோருக்கும் காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி தந்திருந்தார்கள். அக்கா கறுப்புக் கோட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார். எங்களைக் கண்டதும் தலையசைத்தார். காலை முழுவதும் திரையில் கோடுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆலைக்காரர்கள் பேசினார்கள். கப்பித்தான் எழுந்து, தன் தகப்பன் இறக்கிய அதே இடத்தில்தான் தானும் வலை இறக்குவதாகச் சொல்லி, தன் மகனுக்கு எதை விட்டுப்போவது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கடைசியில் கூட்டத்தை நடத்தியவர் அக்காவிடம் கேட்டார். "மதாம், இந்த மீன் மீளவேண்டுமானால் இந்த வருடம் எவ்வளவு பிடிக்கலாம்?"

"பூச்சியம்."

கூச்சல் எழும்பியது. நடத்தியவர் கையை உயர்த்தி அமைதியாக்கினார். நல்ல மனிதர். எல்லோருக்கும் ஏதாவது கொடுத்தனுப்ப நினைத்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மெதுவான குரலில், "அப்படியென்றால் இரண்டு வருடம் மூடினால் திரும்பிவிடும், அப்படித்தானே?" என்றார். மண்டபம் முழுவதும் அந்த ஒரு 'ஆம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

"திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். முட்டையிடுகிற பெரிய மீன் மிஞ்சவில்லை. கடலும் சூடாகிறது. மூடாவிட்டால் இன்னும் குறையும் என்று சொல்லமுடியும். மூடினால் வரும் என்று வாக்குத் தர என்னால் முடியாது."

ஒருவர் காதுக்கருவியைக் கழற்றிச் சுவரில் எறிந்தார். அது உடைந்த சத்தம் கேட்டது. அக்கா தன் தாள்களை அடுக்கிக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அடுத்த கேள்வி வரவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் அவரை வழிமறித்தார். குளிரில் மூச்சுப் புகையாக வந்தது.

"அங்கை நேவிக்காரன் கடலை மூடினவன். பாஸ் இல்லாட்டி இறங்கேலாது, பொழுதுபட்டா இறங்கேலாது. அதுக்குத் தப்பி இஞ்சை வந்தா, எங்கடை ஊர்ப் பொம்பிளை நீங்கள் மூடுறியள்."

"நேவிக்காரன் மீனுக்காக மூடேல்லை, தம்பி."

"வலைக்காரனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"ஓம்," என்றார் அக்கா. "வலைக்காரனுக்கு ரெண்டும் ஒண்டுதான்." எங்களைத் தன் காரில் ஏறச்சொன்னார். என் கணவர் ஏறவில்லை. நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

பருவம் தொடங்குவதற்குச் சற்றுமுன் அறிவிப்பு வந்தது. அந்த வருடம் கும்பளா பிடிக்கமுடியாது. கப்பித்தான் படகை விற்றார். என் கணவர் மறுபடி கோப்பை கழுவப் போனார். வேலை இல்லாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஓடுகிற ஆற்றங்கரையில் போய் இருப்பார். மேல்வீட்டு அக்காவோடு பேச்சு நின்றுபோனது. அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் வாசலில் பனி வழித்தார். மகளுக்குக் காதுக்கல் காட்டினார். ஜூன் வந்ததும் முட்டை எண்ணக் கடலுக்குப் போனார்.

அடுத்த பனிக்காலம் முடியும் தறுவாயில் கப்பித்தானிடமிருந்து தொலைபேசி வந்தது. நண்டுப் படகு ஒன்றில் ஆள் தேவை. நண்டுக்குப் பருவம் வேறு மாதிரி. திமிங்கிலங்கள் வளைகுடாவுக்குள் வந்து கயிறுகளில் சிக்குமுன் நண்டுக் கூடுகளை எடுத்து முடிக்கவேண்டும் என்பதால், பனிக்கட்டி உடைந்த கையோடு திறப்பார்கள். என் கணவர் ஒரு முழு வருடத்துக்குப் பிறகு மேல்வீட்டுப் படியேறினார்.

"அக்கா, ஏப்பிரல் கடல் எப்பிடி?"

"கூடாது. தண்ணி சரியான குளிர். விழுந்தா தூக்கி எடுக்க நேரம் இராது. படகின்ரை மேல்தட்டிலை ஐஸ் பிடிக்கும், அதைத் தட்டுற வேலைதான் ஆகப் பயம்."

"அப்ப போகாதை எண்டுறியளோ?"

"போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் கேட்டதுக்குச் சொன்னனான்."

என் கணவர் சிரித்தார். கீழே வந்து என்னிடம், "இந்த மனுசியோட கோவிச்சுக்கொண்டும் இருக்கேலாது" என்றார். போகிற அன்று அக்கா கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஒருநாள் காலையில், மகளுக்குக் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகச் சட்டை பூட்டிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. நண்டுப் படகுக்காரரின் மனைவி. இரவு, மேல்தட்டில் பிடித்த ஐஸைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அலை ஒன்று என் கணவரைக் கடலுக்குள் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. படகைத் திருப்பி மிதவை எறிந்திருக்கிறார்கள். தொப்பியைக் கண்டார்கள். பிறகு காணவில்லை. "தேடிக்கொண்டிருக்கிறார்கள்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் பேஸ்மென்ட் நிறைந்துவிட்டது. ரொக்ஸ்பரோவிலிருந்து மச்சாள், என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கை, ஓடிவந்து மகளைத் தன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். பங்குப் பெண்கள் செபமாலை சொன்னார்கள். "கடலிலை பிறந்த பிள்ளை, அவனைக் கடல் ஒண்டும் செய்யாது." "வேறை படகு ஏதும் தூக்கியிருக்கும்." "ஐஸ்கட்டியைப் பிடிச்சுக்கொண்டு கிடந்து தப்பின ஆக்கள் இருக்கினம்." நான் ஒவ்வொரு சொல்லையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்வீட்டு அக்கா காலையிலிருந்து மேலே யார் யாருக்கோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு இறங்கி வந்து, கடைசிப் படியில் நின்றார். மச்சாள் அவரைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தாள். அவர் வாய் திறக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அக்கா, அவர் வருவாரோ?"

"இல்லை, பிள்ளை."

செபமாலை நின்றது.

"அந்தத் தண்ணியிலை ஒரு மனுசன் அவ்வளவு நேரம் தாங்கமாட்டான். விடியமுந்தியே முடிஞ்சிருக்கும். இப்ப தேடுறது உடம்பை."

நான் எழுந்துபோய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. கண்ணாடி கீழே விழுந்தது. பெண்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். மச்சாள் அவரிடம், "மேலை போங்கோ. தயவுசெய்து மேலை போங்கோ," என்று கத்தினாள். அவர் குனிந்து கண்ணாடியை எடுத்தார்.

"என்ர அண்ணையும் கடலுக்குப் போய் வரேல்லை," என்றார், எனக்கு மட்டும் சொல்வதுபோல. "இந்தியாவிலை முகாமிலை இருக்கிறான், ஆரோ கண்டவை எண்டு சனம் அம்மாவுக்குச் சொன்னது. நல்ல சனம். அம்மா சாகிற வரைக்கும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வச்சவ."

பிறகு படியேறிப் போனார். தேடுவதை நிறுத்திவிட்டதாக அடுத்த நாள் தகவல் வந்தது. உடம்பும் கிடைக்கவில்லை.

கரையைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நான் சொன்னபோது எல்லோரும் மலைத்தார்கள். முழுநாள் ஓட்டம், அதுவும் பனிப்பாதை. அக்கா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நான் ஒன்றும் பேசாமல் ஏறினேன்.

பாதையோரத்து ஆறு அகன்று அகன்று மறுகரை தெரியாமல் போகும்வரை நாங்கள் கதைக்கவில்லை. அவர் நேரே பார்த்து ஓட்டினார். எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் கிடந்து உருண்டது. வேறு யாரிடம் கேட்டாலும் 'அப்படி நினைக்காதே' என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் அவரிடம் கேட்டேன்.

"நீங்கள் அந்தப் பூச்சியம் சொல்லாட்டி, அவர் நண்டுக்குப் போயிருக்கமாட்டார். என்ன அக்கா?"

காரின் வேகம் கொஞ்சம் குறைந்தது.

"ஓம்," என்றார். "போயிருக்கமாட்டார்."

காரை நிறுத்தச் சொன்னேன். இறங்கி, வழித்துக் குவித்திருந்த பனிமேட்டுக்குப் பக்கத்தில் நின்று, லொறிகள் கடந்துபோக, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். அவர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, அத்தனையையும் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்தார். குளிர் தாங்காமல் நானாகத்தான் திரும்பி ஏறினேன்.

"அப்ப ஏன் சொன்னனீங்கள்?"

"மீன் இல்லை, பிள்ளை."

வெகுதூரம் போனபிறகு, நான் கேட்காமலே, அவர் மறுபடி வாய் திறந்தார். அண்ணனைப் பற்றிச் சொன்னதை விட்டால், கேட்காமல் அவர் ஒன்றைச் சொன்னதை நான் கண்டது அந்த ஒருமுறைதான். "இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன். அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

துறையில் படகுக்காரர் என் கணவரின் பையைக் கொண்டுவந்து தந்தார். கடலில் ஐஸ் இன்னும் துண்டுதுண்டாக மிதந்தது. நாங்கள் நிற்பதைக் கண்டு, மூடிக்கிடந்த ஆலைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கும்பளா பதனிட்ட ஆலை அது. அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள். "நீதானே அந்த ஸீரோ மதாம்? இங்கே வர உனக்கு எப்படி மனம் வந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இவர் அந்தத் தமிழ் மீனவரின் மனைவி. இவரைக் கூட்டிவந்தேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. அக்கா சற்றுத் தள்ளிப்போய், காற்றுக்கு முதுகு காட்டித் தனியாக நின்றார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

இவையெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நாங்கள் இப்போது ரொக்ஸ்பரோவில், மச்சாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அவர் பங்களாவை விற்றுவிட்டு அந்தக் கடற்கரைக்கே போய்விட்டார். நத்தார் பண்டிகைக்குத் தொலைபேசி எடுப்பார். போனமுறை, மீன் திரும்புகிறதா என்று கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார். சொன்ன விதத்தில் 'இன்னும்' என்பதில் ஒரு நம்பிக்கை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கவில்லை. அவரை மன்னித்துவிட்டேனா என்று மச்சாள் சிலவேளை கேட்பாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கரையிலிருந்து திரும்பி வந்த மறுநாள் நடந்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகளிடம் எல்லோரும் அப்பா படகில் வேலையாக இருக்கிறார் என்றே சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் சாப்பிடவில்லை. ஊட்டினால் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பினாள். அன்று பின்னேரம் அக்கா மார்ச்சுத் தண்ணீர் காய்ந்ததா என்று பார்க்க இறங்கி வந்தவர், படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் அடுப்படியில் நின்றேன்.

"பெரியம்மா, அப்பா எப்ப வருவார்?"

ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"வரமாட்டார், செல்லம். அப்பா கடலுக்குள்ளை விழுந்து செத்துப்போனார்."

மகள் அழவில்லை. "நொந்ததோ?"

"சரியாக் குளிர்ந்திருக்கும். பயந்தும் இருப்பார். பேந்து நித்திரை மாதிரி வரும். அதுக்குப் பிறகு நோகாது."

"இப்ப எங்கை இருக்கிறார்?"

"கடலுக்கு அடியிலை. எந்த இடம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தேடினவை. கிடைக்கேல்லை."

அவள் கொஞ்சநேரம் தன் காலுறையின் நுனியை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"விழேக்கை என்னை நினைச்சவரோ?"

ஓம் என்று சொல்லுங்கோ அக்கா என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். உலகத்தில் யாரும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள். ஒரு சிறுபிள்ளைக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுப்பதால் எந்தக் கடலும் வற்றிவிடப் போவதில்லை. அவர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குத் தெரியாது, செல்லம்."

மகள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "எனக்கும் தெரியாது," என்றாள். அவர் மடியில் தலையைக் கவிழ்த்து, அப்பா காணாமற்போன நாளிலிருந்து முதல்முறையாக, பெரிய குரலெடுத்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுது ஓய்ந்தபின் அவள் எழுந்து என்னிடம் வந்து, தனக்குப் பசிக்கிறது என்றாள்.